பெல்ஜியம் கண்ணாடியும் பெயரில்லாத ஓவியர்களும்

பெல்ஜிய ஓவியர் லெ மேயர், பாலித் தீவில் வரைந்த படங்களை 1933-இல் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து கண்காட்சி வைத்தார். படங்கள் நன்றாக விற்றன. அந்தப் பணத்தில் சானூர் கடற்கரையில் இடம் வாங்கி வீடு கட்டிக்கொண்டார். 1937-இலும் 1941-இலும் மறுபடி இங்கே கண்காட்சி வைத்தார். அவருடைய அந்த வீடு இன்று அருங்காட்சியகம். சிங்கப்பூரின் வசதி படைத்தவர்கள் அவர் படங்களுக்குச் சட்டம் போட்டு மாட்டிய காலத்துக்கு வெகுமுன்பே, மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் கைப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த செட்டிநாட்டு நகரத்தார்களும் ஐரோப்பியப் பொருள் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் வாங்கியது இங்கே தங்கவில்லை. ஆளுயரக் கண்ணாடி, சரவிளக்கு, எனாமல் அடுக்கு, சுவர்க்கடிகாரம் என்று பெட்டி பெட்டியாகக் கப்பலேறிக் காரைக்குடிப் பக்கத்து வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

சிங்கப்பூரில் ஐரோப்பியப் பழம்பொருள் சேகரிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் கதையோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டாவதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. இந்த ஊருக்கு ஐரோப்பாவின் பொருள்கள் எப்படி வந்தன, எங்கே போயின, இன்று கடையில் கிடைப்பது எது, அதில் வாங்கத் தக்கது எது என்பதை ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம்.

அரசாங்கத்தின் சுவரிலிருந்து தொடங்குவோம். நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக 1901 முதல் 1904 வரை இருந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாமை ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1904-இல் முழு உருவமாக வரைந்தார். உருவப்படம் என்றால் அன்றைய லண்டனில் சார்ஜென்டை விட்டால் ஆளில்லை. அந்தப் படம் இன்று சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. இந்தத் தீவில் உள்ள ஐரோப்பிய உருவப்படங்களில் அதற்கு இணையில்லை என்பது என் எண்ணம். வெள்ளைச் சீருடையில் நிற்கும் அந்த மனிதரின் தோரணை பிடிக்காதவர்கூடத் தூரிகையைப் பார்த்து நின்றுவிடுவார். அதே அரும்பொருளகத்தில் பின்னாளைய ஆளுநர் ஷென்டன் தாமஸின் படமும் இருக்கிறது. 1939-இல் அதை வரைந்தவர் பாரிஸில் ஓவியம் கற்ற சீனர் ஷு பெய்ஹோங். எண்ணெய் வண்ணம், ஐரோப்பிய முறை, ஆங்கிலேய ஆளுநர், சீனக் கை. இதை எந்தப் பிரிவில் வைப்பது? சிங்கப்பூரில் ‘ஐரோப்பிய ஓவியம்’ என்று கோடு போட்டுப் பிரிக்கப் போனால் கோடு ஆரம்பத்திலேயே வளைந்துவிடும்.

உருவப்படங்களைவிட இந்த ஊருக்கு அதிகம் பயன்பட்டவை காட்சிப் படங்கள். ஜான் டர்ன்புல் தாம்சன் 1841 முதல் 1853 வரை இங்கே அரசு நில அளவையாளர். ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டியவர். அளவுகோல் பிடித்த கையால் தூரிகையும் பிடித்தார். 1851-இல் அவர் வரைந்த பாடாங் திடல் படத்தில் குதிரை வண்டிகளில் காற்று வாங்க வந்த துரைமார்களுக்கு நடுவே சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று பலரும் நடமாடுகிறார்கள். அவருடைய நீர்வண்ணப் படங்கள் பல இன்று நியூசிலாந்தின் டனிடின் நகரில் உள்ள ஹாக்கன் தொகுப்பில் இருக்கின்றன, பின்னாளில் அவர் அந்த நாட்டில் வாழ்ந்ததால். 1856-இல் பெர்சி கார்ப்பென்டர் வாலிக் குன்றின் மேலிருந்து சூரிய உதயத்தில் சிங்கப்பூரை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அந்தக் குன்றையே பின்னாளில் வெட்டி தெலோக் ஆயர் கடலைத் தூர்த்துவிட்டார்கள். ஓவியர் நின்ற மேடு இன்று இல்லை. அங்கிருந்து பார்த்தது மட்டும் தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட படத்தை அழகுக்காக மட்டும் மதிப்பிடுகிறவர் பாதி விலைதான் சொல்கிறார்.

தேசியக் கலைக்கூடத்தில் உள்ள ஒரு மரச்செதுக்கு அச்சுப்படத்தின் முன் கொஞ்சம் நிற்க வேண்டும். ஹைன்ரிச் லாய்டமன் என்ற ஜெர்மானியர் 1865-ஐ ஒட்டிய காலத்தில் செய்தது. காட்டுக்குள் சாலைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்த கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கோல்மன் மீது புலி பாய்கிறது. 1835-இல் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம். புலி உடைத்தது தியோடலைட் கருவியைத்தான். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. லாய்டமன் சிங்கப்பூருக்கு வந்தவரே அல்லர். கேட்டதையும் படித்ததையும் வைத்து, மிருகக்காட்சிப் புலியை மனத்தில் கொண்டு செதுக்கியிருப்பார் என்று வைத்துக்கொள்ளலாம். கோல்மனைச் சுற்றிப் பதறிச் சரிகிறவர்களைப் பாருங்கள். அவர்கள் இந்தியக் கைதிகள். 1825 முதல் 1873 வரை இந்த ஊரின் சாலையையும் பாலத்தையும் கட்டடத்தையும் எழுப்பிய கைகள். சென்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயச் சுவருக்கு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து மெட்ராஸ் சுண்ணாம்புச் சாந்து அரைத்துப் பூசியவர்களும் அவர்களே. படத்தில் கோல்மனுக்குப் பெயர் உண்டு. கைதிகளுக்கு இல்லை. தமிழ் வாசகர் ஒருவர் ‘ஐரோப்பியக் காலப் படம்’ ஒன்றை ஏன் வாங்க வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் இந்தப் படத்தைத்தான் காட்டுவேன். நம்மவர்கள் அதில் இருக்கிறார்கள். வேறு படங்களில் அவர்களைக் காண்பது அரிது.

பெயரில்லாத கைகள் என்றதும் ஃபார்குவார் தொகுப்பையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரின் முதல் ரெசிடென்ட் வில்லியம் ஃபார்குவார், அதற்குமுன் மலாக்காவில் இருந்தபோது அங்குள்ள சீன ஓவியர்களை வைத்துத் தீபகற்பத்தின் செடி கொடிகளையும் விலங்குகளையும் வரையச் செய்தார். மொத்தம் 477 நீர்வண்ணப் படங்கள். 1827-இல் லண்டன் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டிக்குக் கொடுத்தார். 1993-இல் சொசைட்டி அவற்றை சோத்பிஸ் ஏலத்தில் விட்டது. சிங்கப்பூர்ப் பங்குத் தரகர் கோ கியோக் கிம் சுமார் 3 மில்லியன் வெள்ளிக்கு மொத்தமாக வாங்கி நாட்டுக்குக் கொடுத்தார். ஒருவேளை உதிரி உதிரியாக ஏலம் போயிருந்தால் 477 வீட்டு வரவேற்பறைகளில் 477 பறவைகளும் பூக்களும் தொங்கியிருக்கும், தொகுப்பு செத்திருக்கும். என் கணக்கில், சிங்கப்பூரில் ஒரு தனிமனிதர் செய்த மிகச் சிறந்த கொள்முதல் இதுதான். ஃபார்குவாரோடு பிணக்குக் கொண்ட ராஃபிள்ஸும் இப்படிப் படங்கள் சேர்த்தவர்தான். 1824 பிப்ரவரி 2-ஆம் தேதி ‘ஃபேம்’ கப்பல் பென்கூலன் அருகே தீப்பற்றியபோது அவருடைய சேகரிப்பு கடலோடு போயிற்று.

தமிழ்நாட்டிலும் இதே வேலை நடந்தது. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்காக நம் ஓவியர்கள் சாதி, தொழில், ஊர்வலம், தெய்வம் என்று தொகுதி தொகுதியாக வரைந்தார்கள். சில காகிதத்தில், சில அபிரகத் தகட்டில். காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வாட்மன் என்ற ஆங்கிலேய ஆலையின் நீரெழுத்தும் சிலவற்றில் ஆண்டும் தெரியும். எனவே காகிதம் ஐரோப்பா, கை தஞ்சாவூர். 2019-இல் லண்டன் வாலஸ் கலெக்‌ஷனில் நடந்த கம்பெனி ஓவியக் கண்காட்சிக்குப் பிறகு இந்த வகைக்கு மவுசு கூடியிருக்கிறது. ஓவியரின் பெயர் தெரிந்த படமும் தெரியாத படமும் விலையில் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதை ஏலப் பட்டியலைப் புரட்டுகிறவர் பார்க்கலாம்.

இனி வீடுகளுக்குள் போகலாம். இன்று பழம்பொருளாக விற்கப்படும் ஐரோப்பியச் சாமான்களில் பெரும்பகுதி, வாங்கப்பட்டபோது பழம்பொருளே அல்ல. கடையில் புதிதாக வாங்கிய நாகரிகப் பொருள். பெரனாக்கான் குடும்பங்கள் விக்டோரிய நாற்காலியும் இத்தாலியப் பளிங்கு மேசையும் வாங்கினார்கள்; வாசல் சுவரில் இங்கிலாந்திலிருந்து வந்த பூவோடுகளைப் பதித்தார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு அதே அச்சில் ஜப்பான் ஓடுகள் மலிவாக வந்தன. உடைந்த வீட்டிலிருந்து பெயர்த்த ஓட்டைக் கடைக்காரர் நீட்டினால் முன்பக்கப் பூவைப் பார்த்து மயங்காமல் பின்பக்கத்தைப் பாருங்கள். ஆலையின் பெயர் அங்கே புடைத்திருக்கும். நாட்டின் பெயரும் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. அந்த ஆண்டு முதல் அமெரிக்கா, இறக்குமதிப் பொருளில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் வைத்ததால் ஐரோப்பிய ஆலைகள் பொதுவாகவே பெயர் பொறிக்கத் தொடங்கின. ஆர்மீனியன் ஸ்ட்ரீட் பெரனாக்கான் அரும்பொருளகத்திலும் நீல் சாலை பாபா ஹவுஸிலும் இவை எப்படிப் புழங்கின என்பதைக் காணலாம்.

செட்டிநாட்டுக் கதை இதைவிடப் பெரிது. பர்மா, மலாயா, சிங்கப்பூர், இலங்கை என்று கடல் கடந்து சம்பாதித்த பணம், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 1940-கள் வரை வீடாக எழுந்தது. மரம் பர்மா, பளிங்கு இத்தாலி, இரும்புத் தூண் இங்கிலாந்து, எனாமல் அடுக்கு சுவீடனும் ஆஸ்திரியாவும், பின்னால் ஜப்பான். சுவரில் ரவிவர்மாவின் ஓலியோகிராஃப். அதுவும் 1894-இல் பம்பாயில் தொடங்கிப் பிறகு லோணாவ்ளாப் பக்கம் மாறிய அச்சகத்தில் ஜெர்மானியத் தொழில்நுட்பர்கள் கைபட்டு வந்தது. ராஜாக்கள் வேறுமாதிரி வாங்கினார்கள். ஹைதராபாத்தின் முதலாம் சாலார் ஜங் 1876-இல் ரோம் நகரில் பென்சோனியின் ‘முக்காடிட்ட ரெபெக்கா’ சிலையை வாங்கினார். தஞ்சை சரபோஜிக்கு லண்டன் சிற்பி ஃப்ளாக்ஸ்மன் பளிங்குச் சிலை வடித்தார். அவர்கள் கலைஞரின் பெயரை வாங்கினார்கள். நகரத்தார் வாங்கியது கனம், பளபளப்பு, நூறு வருஷம் நிற்கும் உழைப்பு. கல்யாணச் சீரில் எத்தனை டஜன் என்று எண்ணி வைக்கிற பொருளுக்கு ஓவியர் கையெழுத்து எதற்கு?

ஜப்பானியர் ஆட்சியும் பிறகு பர்மாவில் சொத்துகள் போனதும் அந்தப் பணத்தை வற்றச் செய்தன. பங்காளிகள் பல ஊர்களுக்குச் சிதறினார்கள், வீடுகள் பிரிக்கப்பட்டன. கதவு, தூண், கண்ணாடி, பொம்மை எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வந்தன. அங்கிருந்து சென்னை, கொச்சி, அப்புறம் வெளிநாடு. சிங்கப்பூரில் ‘ஐரோப்பிய விண்டேஜ்’ என்று சீட்டு ஒட்டி நிற்கும் ஒரு கண்ணாடி, இந்தக் கடலை இதற்குமுன் ஒருமுறை எதிர்த்திசையில் தாண்டியிருக்கலாம். கேம்பல் லேனில் 2015-இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்துக்குள் ஆயிரக்கணக்கான சிறு உருவங்கள் செதுக்கிய செட்டிநாட்டு வாசல் ஒன்று நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது நல்ல பயிற்சி.

‘பெல்ஜியம் கண்ணாடி’ என்று விற்பதெல்லாம் பெல்ஜியத்திலிருந்து வந்ததில்லை; இங்கிலாந்தும் பிரான்சும் பொஹீமியாவும்கூட அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கின்றன. பழையதா என்பதைக் கண்டுபிடிப்பது, எந்த ஊர் என்பதைவிட எளிது. விரல் நுனியைச் சாய்வு வெட்டின் மேல் ஓட்டுங்கள். பழைய கைப்பட்டையில் சாய்வு அகலமாக, கண்ணாடியோடு மெல்லக் கலக்கும்; இயந்திரப் பட்டை விளிம்பில் நறுக்கென்று நிற்கும். ரசம் போன இடங்கள் ஓரத்திலிருந்தும் கீழ்ப்பக்கத்திலிருந்தும் உள்ளே ஊர்ந்து வந்திருக்க வேண்டும், ஈரம் அப்படித்தான் ஏறும். நடுவில் சம இடைவெளியில் கறுப்புப் புள்ளி தெளித்திருந்தால் அமிலம் பூசிக் கிழடு தட்டவைத்த புதுக்கண்ணாடி. பிறகு திருப்பிப் பாருங்கள். பலகைகளில் ரம்பத் தடம், தலை தட்டையாக அடித்த ஆணி, பலகைக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரே நிறத் தூசு. சட்டம் பெரும்பாலும் தேக்கு அல்லது ஈட்டி, செதுக்கியது நம் ஆசாரி. அதை மறைத்து ‘முழு ஐரோப்பா’ என்று விற்கிறவர் தன் சரக்கைத் தானே குறைத்துக்கொள்கிறார்.

இந்தியாவிலிருந்து கொண்டுவருவதில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டைக் கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வயது குறைவு என்றால் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்க வேண்டும். ஆக, காரைக்குடிச் சரக்கை ‘நூற்றைம்பது வருஷத்தது’ என்று ஒருவர் சிங்கப்பூரில் பெருமை அடித்தால் இரண்டில் ஒன்று: வயது பொய், அல்லது வந்த வழி கோணல்.

லிட்டில் இந்தியா தெருக்களின் பெயர்ப் பலகைகளைப் படித்தாலே ஒரு பழம்பொருள் பட்டியல்: கிளைவ், ஹேஸ்டிங்ஸ், டல்ஹௌசி, கேம்பல். கொஞ்சம் தள்ளி ஜாலான் புசார் பக்கம் முதல் உலகப் போர் மொத்தமும் தெருவாகப் படுத்திருக்கிறது: கிச்சனர், ஃபோஷ், பெட்டேன், வெர்டன், சோம். டன்லப் ஸ்ட்ரீட் அப்துல் கபூர் பள்ளிவாசலில் கிரேக்கப் பாணித் தூண்களைக் காணலாம். ஆனால் தேக்காவில் ஐரோப்பியப் பழம்பொருள் கடை தேடினால் ஏமாற்றம்தான். தேக்காவாசிகளுக்குப் பழம்பொருள் என்றால் சுங்கை ரோடு. பல பத்தாண்டுகள் தரையில் விரித்து விற்ற அந்தத் திருட்டுச் சந்தையில் உடைந்த கைக்கடிகாரம், ஆங்கிலேயச் சிப்பாயின் பொத்தான், பழைய நாணயம், கிராமஃபோன் தட்டு எல்லாம் கிடந்தன. 2017 ஜூலை 10-ஆம் தேதி அதை மூடினார்கள். டாங்ளின் ஷாப்பிங் சென்டர் பழைய நிலப்படம், அச்சுப்படம், கம்பளம் தேடுவோரின் கூடாரமாக இருந்தது. 2022-இல் அந்தக் கட்டடம் 868 மில்லியன் வெள்ளிக்கு மொத்த விற்பனை ஆயிற்று. டெம்சி ஹில்லின் பழைய படைமுகாம்களிலும் நாற்காலி, அலமாரிக் கடைகள் இருந்தன. சாப்பாட்டுக் கடைகள் வந்து அவற்றில் பலவற்றை நெருக்கித் தள்ளின. சதுர அடி வாடகை இப்படி ஏறும் ஊரில், வருஷக்கணக்கில் வாங்குபவனுக்காகக் காத்திருக்கும் வியாபாரம் நிற்பது கஷ்டம்.

அதற்கு நேரெதிர் முனையில் பெரும்பணம். சாங்கி விமான நிலையத்தை ஒட்டி 2010-இல் சிங்கப்பூர் ஃப்ரீபோர்ட் திறந்தது. சுவிஸ் வணிகர் ஈவ் பூவியே நிறுவியது. உள்ளே இருக்கும்வரை பொருளுக்குப் பொருள் சேவை வரி கிடையாது. காற்றும் ஈரப்பதமும் கட்டுக்குள். 2022-இல் சுமார் 40 மில்லியன் வெள்ளிக்கு, கிரிப்டோ தொழிலில் பணம் சேர்த்த ஒருவரிடம் கைமாறியது. கட்டிய செலவோ 100 மில்லியன் அளவு. அங்கே இருக்கும் படங்களை யாரும் பார்ப்பதில்லை, சொந்தக்காரர் உட்பட. அதைச் சேகரிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, கிடங்கு. ஃபோர்ட் கேனிங்கில் 2015 மே மாதம் திறந்த பாரிஸ் பினக்கோத்தேக் அருங்காட்சியகக் கிளை ஓராண்டுகூட ஓடாமல் 2016 ஏப்ரலில் மூடியது. ஐரோப்பிய ஓவியத்தின் மேல் இங்குள்ளவர்களுக்கு ஆசையில்லை என்று இதை வைத்து முடிவு கட்ட வேண்டியதில்லை. மியூசே டார்சேயிலிருந்து இம்ப்ரெஷனிஸ்ட் படங்கள் 2017-இல் தேசியக் கலைக்கூடத்துக்கு வந்து சில மாதம் இருந்தன. பார்க்க இரவல் போதும் என்பதுதான் நாட்டின் கொள்கை. கலைக்கூடம் தன் பணத்தைத் தென்கிழக்காசியப் படங்களுக்கு வைத்திருக்கிறது. 1849-இல் ஜாவா ஓவியர் ராடன் சாலே தீட்டிய ‘காட்டுத் தீ’, நெதர்லாந்து மன்னருக்குப் பரிசாகப் போன அந்த மூன்று மீட்டர் உயரப் படம், இன்று அங்கே இருக்கிறது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஏல நிறுவனங்களில் கிறிஸ்டீஸ் 2002-இல் ஹாங்காங் போனது போனதுதான். சோத்பிஸ் 15 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2022 ஆகஸ்டில் இங்கே நேரடி ஏலம் நடத்தியது.

சாதாரண வாசகர் ஓர் ஏலப் பட்டியலில் ஐரோப்பிய எண்ணெய் ஓவியம் ஒன்றைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓவியர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சிறுசொல்லில்தான் விலை இருக்கிறது. பெயர் மட்டும் இருந்தால் அவரே வரைந்தது என்று ஏலக்காரர் நம்புகிறார். ‘அவர் பட்டறை’ என்றால் அவர் கண்பார்வையில் சீடர்கள். ‘அவர் வட்டம்’ என்றால் அந்தக் காலத்தவர், ஆளைத் தெரியாது. ‘அவரைப் பின்பற்றியவர்’, ‘அவர் பாணி’ என்று இறங்க இறங்க நூறு வருஷம்கூடத் தள்ளிப்போகும். ‘அவர் படத்தைப் பார்த்து’ என்றால் நகல், எப்போது எழுதியதோ. படத்தின் முதுகுப்புறம் இதைவிட நேர்மையாகப் பேசும். துணி இழுத்துக் கட்டிய மரச்சட்டத்தின் மூலைகளில் ஆப்பு, கையடி ஆணி, பழைய கடைச் சீட்டு, ஏல எண் இருந்தால் நல்லது. துணியைத் தாள்பிணிக் கம்பியால் அடித்திருந்தால், ஒன்று புதுப் படம், இல்லையேல் பிற்காலத்தில் புதுச் சட்டத்தில் ஏற்றியது. வேதியியல் சோதனையும் உண்டு: பிரஷ்யன் நீலம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு முன் கிடையாது, டைட்டானியம் வெள்ளை முதல் உலகப் போரை ஒட்டித்தான் சந்தைக்கு வந்தது. 1850 என்று தேதி போட்ட வானத்தில் டைட்டானியம் வெள்ளை இருந்தால் ஒன்று பிற்காலச் சீரமைப்பு, அல்லது ஏமாற்று.

வெள்ளிப் பாத்திரத்தில் இந்தக் குழப்பம் குறைவு. ஆங்கிலேய வெள்ளியில் நடக்கும் சிங்கம் இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, நங்கூரம் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை லண்டன், ஆண்டைச் சொல்ல ஓர் எழுத்து. முத்திரைக்குப் பதில் நான்கு எழுத்துகள், ஈ-பி-என்-எஸ் என்று இருந்தால் அது முலாம். மெட்ராஸ் மவுன்ட் ரோடு பி.ஆர் அண்ட் சன்ஸ் செய்த ‘சுவாமி’ வெள்ளித் தேநீர்ச் செட்டு, ஆங்கிலேய வடிவத்தில் நம் தெய்வ உருவங்கள் புடைத்தது. தமிழர் ஒருவர் வெள்ளியில் சேர்க்க ஆசைப்பட்டால் அங்கிருந்து தொடங்கலாம்.

செலவுக் கணக்கையும் முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் ஓவியத்துக்கும் பழம்பொருளுக்கும் சுங்கத் தீர்வை இல்லை. ஆனால் 2024 முதல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு, அதுவும் கப்பல் கூலி, காப்புறுதி எல்லாம் சேர்த்த தொகையின் மேல். ஐரோப்பாவில் 1,000 வெள்ளிக்குச் சுத்தியல் விழுந்தது என்றால், வாங்குபவர் கட்டணம் 25 விழுக்காடு என்று வைத்தால் 1,250. அனுப்பும் செலவு 250 என்றால் 1,500. வரி 135. வீடு வந்து சேர்வது 1,635. யானைத் தந்தத்தில் கை வைக்காதீர்கள். 2021 செப்டம்பர் 1 முதல் இங்கே தந்தம் விற்கத் தடை. தந்தக் கைப்பிடிக் கத்தி மட்டுமல்ல, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர்கள் கழுத்தில் மாட்டிக்கொண்ட குட்டி உருவப்படங்களில் பலவும் தந்தத் தகட்டில் வரைந்தவை.

வாங்கியபின் வைப்பது எங்கே? நம்மில் பெரும்பாலோர் இருப்பது வீவக வீடு. ஆங்கிலேய ‘பிரவுன்’ மரச்சாமான் இப்போது இங்கிலாந்திலேயே மலிந்து கிடக்கிறது என்பதற்காக விக்டோரிய அலமாரியை வரவழைத்தால், அது மின்தூக்கிக்குள் நுழையுமா என்று முதலில் அளக்க வேண்டும். நுழைந்தாலும் நம் காற்று அதற்குப் பகை. பெரிய அருங்காட்சியகங்கள் ஈரப்பதத்தை 55 விழுக்காட்டை ஒட்டி வைக்கப் பார்க்கின்றன. வெளியே நமக்கு 80-க்கு மேல். இரவில் குளிர்சாதனம், பகலில் அணைத்துவிட்டு ஜன்னல் திறப்பு என்று வீட்டில் நடப்பதே மரத்துக்கும் துணிக்கும் மிகக் கேடு: தினமும் சுருங்கி, தினமும் உப்பி, சாயம் செதில் செதிலாக எழும். வெளிச்சுவரில் மாட்டக் கூடாது. மழைச்சாரல் அடிக்கும் சுவர் உள்ளேயும் வியர்க்கும். சாமி மேடைக்கு மேலே கூடவே கூடாது, எண்ணெய்ப் புகை படியும். காகிதப் படத்துக்குப் பின்னால் அமிலமில்லாத அட்டை வைக்க வேண்டும். கண்ணாடி காகிதத்தைத் தொடக் கூடாது. பழுப்புப் புள்ளிகள் தோன்றினால் வீட்டு வைத்தியமாக எலுமிச்சையோ வெயிலோ வேண்டாம்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் என் தீர்ப்பு காகிதத்தின் பக்கம். அச்சுப்படம், நிலப்படம், புகைப்படம். இடம் அடைக்காது, மாத வருமானக்காரருக்கும் எட்டும், போலியைப் பிடிக்கக் கற்றுக்கொள்ள முடியும். ஓர்ட்டேலியஸ் 1570-இல் முதலில் வெளியிட்ட நிலப்படத் தொகுதி பல மொழிப் பதிப்புகளில் வந்தது. தனித்தாளின் முதுகில் உள்ள எழுத்து லத்தீனா, டச்சா, பிரெஞ்சா என்று பார்த்தே பதிப்பை மட்டுக்கட்டலாம். செப்புத்தகட்டு அச்சில் படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். இன்றைய அச்சு நகலில் தட்டுப்படாது. பிரெஞ்சு நிலப்பட வரைஞர் பெல்லின் 1764-இல் வெளியிட்ட கடல் நிலப்படத் தொகுதியில் பாண்டிச்சேரி உண்டு. ஆங்கிலேய ஓவியர்களான டேனியல்கள் தம் பெரிய அச்சுப்படத் தொகுதியில் மதுரையையும் தஞ்சாவூரையும் மாமல்லபுரத்தையும் பதித்தார்கள். சிங்கப்பூரில் 1867-இல் தொடங்கிய ஜி.ஆர். லம்பர்ட் நிலையம் எடுத்த புகைப்படங்களில் தமிழ்த் தொழிலாளிகளும் வண்டிக்காரர்களும் ‘இன மாதிரிகள்’ என்று நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். அந்தப் பார்வை கசக்கத்தான் செய்யும். அதற்காக அந்த முகங்களை மற்றவர்கள் மட்டுமே சேர்க்கட்டும் என்று விடுவதா? வாங்கும் முன் விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்தின் பழைய நிலப்படங்களைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம், காசு கிடையாது.

கைமாறிய வரலாறு தெரியாத எதையும் வாங்காதீர்கள் என்ற எச்சரிக்கை தமிழருக்குக் கூடுதலாகவே பொருந்தும். ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007-இல் நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரிடம் 650,000 அமெரிக்க டாலருக்கு வாங்கிய உமா பரமேஸ்வரி, அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலில் திருடப்பட்டது. 2015-இல் இந்தியாவுக்குத் திரும்பினாள். கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022-இல் பத்தாண்டுச் சிறை விதித்தது. நிபுணர்கள் நிறைந்த நிறுவனமே ஏமாந்த இடத்தில், கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்பித் தனிஆள் வாங்குவது எதற்கு? பில், பழைய ஏல எண், முந்தைய வீட்டின் பெயர், ஏதாவது ஒரு காகிதம் கேளுங்கள். ஐரோப்பியப் பொருளுக்கும் இதுவே முறை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சிங்கப்பூரில் மூன்று நான்கு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் தாத்தா வாங்கிய சுவர்க்கடிகாரமோ, ஆயாவின் எனாமல் அடுக்கோ, ஸ்டூடியோவில் எடுத்த பழுப்புப் படமோ இன்னும் இருக்கும். வீடு மாறும்போது விற்பீர்கள், அல்லது இந்திய மரபுடைமை நிலையத்துக்குத் தருவதாகக் கேட்டுப் பார்ப்பீர்கள். எதுவானாலும் அதற்குமுன் யார் வாங்கியது, எந்த ஊரில், எந்த ஆண்டு, எந்த வீட்டில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பொருளோடு வையுங்கள். படமாக இருந்தால் அதில் நிற்பவர்களின் பெயர்களைப் பின்பக்க ஓரத்தில் பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.